பிள்ளைக்கு ஓட்டிசம், லண்டன் போனால் எல்லாம் சரியாகிவிடுமா?

2025 ஜனவரி 12, வாசகர் ஒருவரின் கேள்வி

தெஹிவளையில் இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூன்று சொல் வைத்திருந்தான், அதுவும் போய்விட்டது. ஓட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். மனைவி தாதி, இங்கிலாந்தில் வேலை கிடைக்கும் போல இருக்கிறது. இங்கே ஒன்றுமே இல்லை, பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் வெளிநாடுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா? போய் இறங்கியதும் என்ன கிடைக்கும்?

ஜனவரி 12, இரவு

என் மகனுக்கு இப்போது 15 வயது. 2014இல், அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, என் வேலை விசாவில் குடும்பமாக லண்டன் போனோம். வடமேற்குப் பக்கம், 183ஆம் இலக்க பஸ் ஓடும் வீதிக்கு அருகில் ஒரு அறையும் குசினியும். 2018இல் திரும்பி வெள்ளவத்தைக்கே வந்துவிட்டோம். ஏன் வந்தோம் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

இறங்கியதும் பள்ளிக்கூடம் கிடைக்கும், காசு கிடைக்காது. வேலை விசாவில் போகிறவர்களுக்குப் ‘பொது நிதி இல்லை’ என்று ஒரு நிபந்தனை உண்டு. எங்கள் காலத்தில் விசா அட்டையிலேயே அச்சடித்திருந்தது. விசேட தேவையுள்ள பிள்ளைக்கென்று அங்கே தரும் கொடுப்பனவு, டி.எல்.ஏ. என்பார்கள், அது பொது நிதிக்குள் வருகிறது. ஆகவே அந்த விசாவில் இருக்கும் வரை அதன் பக்கம் போக வேண்டாம், விசாவுக்கே வம்பு. ஆனால் அரச பள்ளிக்கூடமும், அங்கே பிள்ளைக்குத் தரும் விசேட உதவியும் பொது நிதிக்குள் வராது. இது அங்கேயே பத்து வருடம் இருந்த எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. ‘தம்பி, வாயைத் திறக்காதையும், விசாவில் கை வைப்பாங்கள்’ என்று ஒரு அண்ணை சொன்னார். நல்ல மனிதர், எங்களுக்கு வீடு பிடித்துத் தந்தவரே அவர்தான். அவர் சொல்லைக் கேட்டு ஐந்து மாதம் பள்ளிக்கூடத்தில் ஓட்டிசம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. புது நாடு, கூச்சப்படுகிறான் என்று சமாளித்தோம். அவன் அந்த ஐந்து மாதத்தில் பெரும்பகுதியை வகுப்பறை மேசைக்குக் கீழே கழித்தான்.

நீங்கள் முதல் நாளே சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் விசேட தேவைக்கென்று பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார், ‘சென்கோ’ என்பார்கள். அவரைக் கேளுங்கள். அப்புறம் அங்கே எல்லாவற்றுக்கும் ஆதாரமான ஒரு ஆவணம் இருக்கிறது, இ.எச்.சி. பிளான் என்று பெயர். நாங்கள் போய் இறங்கிய அதே 2014 செப்டெம்பரில்தான் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்கு என்ன தேவை, அதை யார், எத்தனை மணிநேரம் செய்ய வேண்டும், எந்தப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் அதில் எழுதப்படும். 25 வயது வரைக்கும் நீளலாம். பள்ளிக்கூடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றில்லை, தாய் தகப்பனே கவுன்சிலுக்கு, அதாவது அந்தப் பகுதி உள்ளூராட்சி சபைக்கு, எழுதிக் கேட்கலாம். 20 வாரத்துக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது சட்டம்.

அந்த ஆவணத்தில் ‘எஃப்’ என்று ஒரு பகுதி வரும், என்ன உதவி தருவோம் என்று அவர்கள் எழுதும் இடம். ‘பேச்சுச் சிகிச்சையாளரை அணுகும் வாய்ப்பு வழங்கப்படும்’ என்று எழுதியிருந்தால் ஒன்றும் வராது. ‘கிழமைக்கு ஒரு தடவை, 45 நிமிடம், தனியாக’ என்று எழுதவைக்க வேண்டும். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன், ஒப்பந்தம் வாசித்துப் பழக்கம், அப்படியிருந்தும் முதல் வரைவில் ‘வாய்ப்பு’ என்ற சொல்லைப் பார்த்து மனம் குளிர்ந்து கையெழுத்துப் போடப் போனேன். மனைவிதான் ‘எத்தனை நாள் எண்டு எங்கை போட்டிருக்கு?’ என்று கேட்டாள்.

ஒரு பெட்டிக் கோவை வாங்குங்கள், இன்றைக்கே. கிளினிக் கொப்பி, தடுப்பூசி விபரம், டொக்டர் தந்த ஒவ்வொரு துண்டும் அதற்குள் போகட்டும், எல்லாம் ஆங்கிலத்தில். யாரோடு ஃபோனில் கதைத்தாலும் திகதி, பெயர், என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்கள் நீலக் கோவையின் மூடி உடைந்து இப்போது ஊறுகாய் போத்தல் றப்பர் பட்டியால் கட்டி வைத்திருக்கிறோம், இன்னும் பாவனையில் இருக்கிறது.

ஜனவரி 13

ஒன்றை விட்டுவிட்டேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். செவிப்புலன் பரிசோதனை செய்தாகிவிட்டதா? இங்கேயே செய்துகொண்டு போங்கள். பிஸ்கட் பைக்கற் உடைக்கிற சத்தத்துக்கு மூன்றாவது அறையிலிருந்து ஓடி வருகிறவனுக்கு என்ன காது டெஸ்ட் என்று நான் சிரித்தவன். லண்டனில் முதல் கேள்வியே அதுதான். அது முடியும் வரை மற்ற எந்த வரிசையும் நகரவில்லை.

ஜனவரி 19

இரண்டு திருத்தம். முன்னர் நான் ‘அங்கே’ என்று எழுதிய சட்டமெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டமும் வேறு, ஆவணத்தின் பெயரும் வேறு. கிளாஸ்கோவில் இருக்கும் ஒரு தாய் கொஞ்சம் சூடாகவே சுட்டிக்காட்டினார், சரிதான். நாலு வருடம் லண்டனில் இருந்தால் லண்டன்தான் முழு நாடு என்ற நினைப்பு வந்துவிடுகிறது, கொழும்புக்காரருக்கு அது முதலே இருக்கிற வியாதி.

மற்றது, 20 வாரம். சட்டத்தில் 20 வாரம், எங்கள் வீட்டில் 11 மாதம். கவுன்சிலில் எங்கள் விடயத்தைப் பார்த்த உத்தியோகத்தர் மூன்று தடவை மாறினார். மூன்றாமவர் அனுப்பிய வரைவில் எங்கள் மகன் குதிரைகளை மிகவும் விரும்புகிறவன் என்று இருந்தது. அவன் வாழ்நாளில் குதிரையைக் கண்டது காலிமுகத்திடலில் ஒரே ஒரு தடவை, கண்டதும் கத்திய கத்தலில் குதிரை பயந்தது. யாரோ ஒரு பிள்ளையின் பந்தியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் வரைவில் எங்கள் மகனுக்குப் பிடித்த பஸ் இலக்கங்கள் போயிருக்குமோ தெரியாது.

தருவது போதாது என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே போய் முடிவு வரும் வரை நிற்கிற பெற்றோரில் மிகப் பெரும்பாலானோர் முழுமையாகவோ ஓரளவுக்கோ வெல்கிறார்கள். நாங்கள் போகவில்லை. களைத்துவிட்டோம்.

அப்புறம், கெயார் வேலைக்குப் போகலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பராமரிப்பு உதவியாளர் விசாவில் போகிறவர்கள் 2024 மார்ச் 11இலிருந்து கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. தாதிக்கு அந்தத் தடை இல்லை. (பிறகு சேர்த்தது: 2025 ஜூலையிலிருந்து பராமரிப்பு உதவியாளர் விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கவே முடியாது.) ஏஜென்சிக்காரர் என்ன சொன்னாலும் இதைக் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

பெப்ரவரி 2

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தேன்.

2015இல் மகனைப் பார்த்த ஒரு சிகிச்சையாளர், பிள்ளை இரண்டு மொழியில் குழம்புகிறான், வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் கதையுங்கள் என்றார். பெரிய இடத்தில் இருந்து வந்த சொல், நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். என் ஆங்கிலம் ஒஃபிஸ் ஆங்கிலம். மனைவியுடையது அப்போது கடை ஆங்கிலம். ‘என்ரை ராசா, ஓடி வாடா, சோறு ஆறுது’ என்று கூப்பிடுகிறவள் ‘கம், ஈற்’ என்று நிறுத்திக்கொண்டாள். அவனுக்குச் சொல்லக்கூடிய சொற்களே எங்களிடம் ஒரு நூறு நூற்றைம்பதுக்குள் வந்துவிட்டன. பகிடி இல்லை, தாலாட்டு இல்லை, ஏச்சுக்கூட இல்லை. ஒன்றரை வருடம் அப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து அம்மம்மா வைபரில் வந்தால் திரையில் ஒரு கிழவி வாயசைக்கிறா என்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

அந்த ஆலோசனை பிழை. இரண்டு மொழி கேட்டு வளரும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளையும் ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்கிறவர்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் இரண்டு மொழிக்காரர் அதனால் பின்தங்கியதாகக் காணவில்லை. நான் அதைத் தேடி வாசித்தது காலம் போன பிறகு. இப்போதும் அங்கேயும் இங்கேயும் இந்த ஆலோசனையைக் கொடுக்கிறார்கள். கொழும்பில் இன்னும் வேடிக்கை, தமிழ் கதைக்கிற பேச்சுச் சிகிச்சையாளர் கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆகவே சிகிச்சையாளருக்கு வசதியான மொழி பிள்ளைக்கு உகந்த மொழியாகிவிடுகிறது.

2018இல் திரும்பி வந்தபோது அம்மம்மாவிடம் இந்தச் சட்டமெல்லாம் செல்லுபடியாகவில்லை. காலை எழும்பினால் படுக்கும் வரை அவவின் வாய் ஓயாது, எல்லாம் தமிழ், பாதி அவனுக்கு, மீதி சுவருக்கு. வந்து மூன்றாவது கிழமை என்று நினைக்கிறேன், பின்னேரம் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ அந்த மியூசிக்கோடு வந்தது. வழக்கமாகக் காதைப் பொத்துகிறவன் காதைப் பொத்தியபடியே ஜன்னலுக்கு ஓடி ‘பாண்காரன் வந்திட்டான், சில்லறையை எடு, கெதியா’ என்றான். முழு வசனம். அம்மம்மாவின் குரல், அவவின் இழுப்பு, அந்தக் ‘கெதியா’வில் அவவுக்கு வரும் மூச்சுவாங்கல் உட்பட. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதை எதிரொலிப்புப் பேச்சு என்பார்கள், அதை ஒரு குறையாக எழுதி வைத்த அறிக்கை ஒன்று எங்கள் நீலக் கோவையில் இருக்கிறது. அன்றைக்கு எல்லாருக்கும் மாலு பாண் வாங்கினோம்.

பெப்ரவரி 3

நேற்று எழுதியது கனமாகிவிட்டது. ஒரு பகிடி.

சென்னையில் உருவாக்கிய ‘ஆவாஸ்’ என்று ஒரு செயலி இருக்கிறது, படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும், தமிழிலும் உண்டு, நல்ல சாமான். அந்த மாதிரிப் பலகை ஒன்றில் ‘அம்மா பேசுகிறார்’ என்று வந்தால் இந்தியப் பிள்ளைக்கு அம்மா கதைக்கிறா. எங்கள் பிள்ளைக்கு அம்மா ஏசுகிறா! ‘பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போறம்’ என்று முதல் தடவை சொன்னபோது அம்மம்மா ‘பேச்சு வாங்கவும் பயிற்சியோ, அதை நான் வீட்டிலை குடுப்பன்’ என்றா. நாங்கள் எந்தச் செயலியிலும் ‘பேசு’ என்று இருப்பதை ‘கதை’ என்று மாற்றிவிட்டுத்தான் கையில் கொடுப்போம்.

பெப்ரவரி 16

கனடா எப்படி என்று மூன்று பேர். எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, தங்கச்சி ஸ்காபரோவில் இருக்கிறாள், அவளுடைய மகளுக்கு 8 வயது, ஓட்டிசம். (ஆம், எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர். இல்லை, கிரக தோஷம் இல்லை. கேட்ட அன்ரிக்கு நன்றி.)

முதலில் உள்ளே போவது. நிரந்தர வதிவிடத்துக்கு மருத்துவப் பரிசோதனை செய்யும்போது ‘இந்த ஆளால் அரசாங்கத்துக்கு அளவுக்கு மீறிய செலவு வரும்’ என்று காட்டி மறுக்கிற விதி கனடாவில் உண்டு. 2018 ஜூனில் அந்தச் செலவு வரம்பை மூன்று மடங்காக உயர்த்தினார்கள், விசேட கல்விச் செலவைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதனால் ஓட்டிசம் உள்ள பிள்ளையோடு போவது முன்பிருந்ததைவிட எவ்வளவோ இலகு. கணவனையோ மனைவியையோ தங்கியிருக்கும் பிள்ளையையோ கூப்பிடுகிறவர்களுக்கும் அகதிகளுக்கும் அந்த விதியே இல்லை.

உள்ளே போன பிறகு வரிசை. ஒன்ராறியோ மாகாணத்தின் ஓட்டிசத் திட்டத்தில் 60,000க்கு மேல் பிள்ளைகள் பதிந்திருக்கிறார்கள், சிகிச்சைக்கான நிதி கைக்கு வந்தவர்கள் அதில் சிறு பகுதி. தங்கச்சி மகளுக்கு மூன்று வயதில் 2020இல் பதிந்தாள். இன்னும் கடிதம் வரவில்லை. பின்னேரம் வேலை முடிந்து வந்து கடிதப் பெட்டியைத் திறக்கிறபோது எனக்கு ஃபோன் எடுப்பாள், பீட்ஸா விளம்பரம் என்பாள், வைத்துவிடுவாள். இது ஐந்து வருடமாக நடக்கிறது.

அவள் செய்த வேலை வேறு. அதே மாடிக்குடியிருப்பில் இன்னும் இரண்டு தாய்மாரைக் கண்டுபிடித்தாள், ஒருத்தி வவுனியா, ஒருத்தி கீழக்கரை. மூன்று பேருக்கும் ஒரு கார். சனிக்கிழமை ஒருத்தி மூன்று பிள்ளைகளையும் பார்க்க, மற்ற இரண்டு பேர் நித்திரை கொள்வார்கள். நித்திரைதான், வேறொன்றும் இல்லை. காசு கொடுத்துக் கிடைக்கும் எந்தச் சேவையைவிடவும் அந்தச் சனிக்கிழமை நாலு மணித்தியாலம்தான் தன்னை மனிசியாக வைத்திருக்கிறது என்கிறாள். நாங்கள் லண்டனில் இருந்த நாலு வருடத்தில் நானும் மனைவியும் சேர்ந்து ஒரு கடைக்குப் போனது கிடையாது. அப்படி இரண்டு வீட்டைத் தேட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வெட்கம்தான் காரணம், வேறென்ன.

பெப்ரவரி 17

தங்கச்சி வாசித்துவிட்டாள். நான் கனடாவைக் கேவலப்படுத்திவிட்டேனாம். சரி, அவள் சொன்னதை அப்படியே போடுகிறேன். வரிசையில் நிற்கும்போதே பெற்றோருக்கான பயிற்சி வகுப்புகள் இலவசம், அவள் போனாள், பிரயோசனம். பள்ளிக்கூடம் வரிசையோடு தொடர்பில்லாதது, அங்கே தனித் திட்டமும் உதவி ஆசிரியரும் உண்டு. மாற்றுத்திறனாளிக்கான வரிச்சலுகைக்கு டொக்டரிடம் படிவம் நிரப்பி எடுத்தால், அதை வைத்து விசேட சேமிப்புக் கணக்கு ஒன்று திறக்கலாம். 2008இலிருந்து இருக்கும் திட்டம், நாங்கள் போடுவதற்கு மேல் அரசாங்கமும் வாழ்நாளில் 70,000 டொலர் வரை போடும். அங்கே பல தமிழ்க் குடும்பங்கள் அந்தப் படிவத்தை நிரப்புவதில்லை, ஏனென்றால் ‘பிள்ளையின் பெயரில் அப்படி ஒரு பதிவு விழுந்தால் நாளைக்குக் கலியாணம்…’ அந்த வசனத்தை முடிக்காமலே விடுகிறாள் அவளும்.

மார்ச் 9

அவுஸ்திரேலியா. சுருக்கமாக. நிரந்தர விசாவுக்கு அங்கேயும் செலவுக் கணக்கு உண்டு, 2024 ஜூலையிலிருந்து வரம்பு 86,000 டொலர். பெரும்பாலான நிரந்தர விசாக்களில் குடும்பத்தில் ஒருவர் மருத்துவத்தில் தவறினால் எல்லாருக்கும் மறுப்பு. சில விசாக்களில் விலக்குக் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் என்.டி.ஐ.எஸ். என்ற அவர்களுடைய திட்டம் 2013இல் வந்த பெரிய விடயம்தான், ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவருக்கு அது ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மாம்பழம். பிள்ளையின் அறிக்கையை மறைத்துவிட்டு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். மூன்று வயதில் மறைக்கலாம், ஐந்து வயதில் அவனே காட்டிக்கொடுப்பான்.

ஏப்ரல் 2

இன்றைக்கு உலக ஓட்டிச விழிப்புணர்வு நாள், ஐ.நா. 2007இல் தீர்மானித்தது. காலையிலிருந்து நீலக் கலரில் 14 வட்ஸ்அப் படம் வந்துவிட்டது. அனுப்பியவர்களில் ஒருவர் போன மாதம் தன் மகனின் பிறந்தநாளுக்கு எங்கள் மூன்று பேரில் இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டவர்.

ஏப்ரல் 27

லண்டனில் இருந்து ஒரு பழைய மாணவர் சங்கத்துக்காரர் கேட்டிருக்கிறார். காசு சேர்த்திருக்கிறார்களாம், கொழும்பிலோ வன்னியிலோ ஓட்டிசம் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம் கட்டித் திறக்க ஆசை, அல்லது ஊஞ்சல் மாதிரிச் சாமான் வைக்கிற உணர்வுத் தூண்டல் அறை ஒன்றுக்குச் சாமான் அனுப்பலாமாம். எது நல்லது?

இரண்டும் வேண்டாம் என்றுதான் என் கை எழுதத் துடிக்கிறது. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தின் விசேட கல்வி அலகுக்கு நாலைந்து வருடம் முன்னர் வெளிநாட்டிலிருந்து வந்த ஊஞ்சல் ஒன்றைப் பார்த்தேன். கூரையில் கொளுவுகிற வகை. கூரை அஸ்பெஸ்டஸ். அந்தக் கொளுக்கியை எதில் மாட்டுவது? பெட்டியோடு அலுமாரிக்கு மேல் இருந்தது, மேலே நவராத்திரிக் கொலுவுக்கு எடுக்கிற சிவப்புத் துணி மடித்து வைத்திருந்தார்கள். டீச்சர் பாவம், திறந்து காட்டும்போது குற்றம் செய்தவர் மாதிரி நின்றார். பதினொரு பிள்ளைகள், அவர் ஒருவர். அவருக்கு ஒரு உதவியாளரின் சம்பளத்தை மூன்று வருடத்துக்கு யாராவது கொடுத்திருந்தால் அந்த அறையே வேறு மாதிரி இருந்திருக்கும். சம்பளத்துக்கு நாடா வெட்ட முடியாது, பெயர்ப்பலகையும் அடிக்க முடியாது, அதுதான் சிக்கல்.

சாமான்தான் அனுப்ப வேண்டுமென்றால் லமினேட்டிங் மெஷின் அனுப்புங்கள். சும்மா சொல்லவில்லை. கதைக்காத பிள்ளைகளுக்குப் படத்தைக் கொடுத்துக் கேட்கப் பழக்கும் முறை ஒன்று இருக்கிறது, பெக்ஸ் என்று, 1985இல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கிருந்து எங்களோடு வந்த அட்டைகளில் சீரியல் கிண்ணம், பனி, சிவப்புத் தபால் பெட்டி, கம்பளிக் கையுறை எல்லாம் இருந்தன. வெள்ளவத்தையில் எவன் கையுறை கேட்பான்? நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை முழுக்க வீட்டைச் சுற்றிப் படம் எடுத்தோம். எங்கள் வீட்டு இடியப்பத் தட்டு, எங்கள் வீட்டுச் செம்பு (எந்தச் செம்பும் அல்ல, மூக்கில் நசிவு உள்ளது), அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடி, கீழே நிற்கும் ஓட்டோ, மின்விசிறி, கடற்கரை ரயில் பாதை, கோயில் வாசல், 100ஆம் இலக்க பஸ். காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து லமினேட் பண்ணினோம். கடைக்காரப் பெடியன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ‘அங்கிள், செம்பை ஏன் லமினேட் பண்றீங்க?’ என்றான். விளக்கினேன். அடுத்த தடவை போனபோது வெட்டுக்கூலி எடுக்கவில்லை. இப்போது மகன் போனால் அவனே கதவைத் திறந்து மெஷினின் சூட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பின்னால் நின்று பார்க்க விடுகிறான். வெளிநாட்டில் ‘சமூக உள்ளடக்கம்’ என்று ஒரு பாடமே நடத்துவார்கள், அந்தப் பெடியனுக்கு யாரும் நடத்தவில்லை.

மே 11

தடுப்பூசியால் வந்தது என்று ஒருவர் விடாமல் எழுதுகிறார். ஒரே ஒரு தடவை பதில். 1998இல் வேக்ஃபீல்ட் என்ற டொக்டர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கதை அது. 2010இல் லான்செட் சஞ்சிகை அந்தக் கட்டுரையை முற்றாக விலக்கிக்கொண்டது, அதே வருடம் இங்கிலாந்தின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவரை நீக்கினார்கள். ஊசி போடுங்கள். இனி இதற்கு நான் பதில் எழுத மாட்டேன், சின்னம்மை, பெரியம்மை எதைச் சொன்னாலும்.

ஜூன் 22

ஜனவரியில் கேட்டவர் ‘இங்கே ஒன்றுமே இல்லை’ என்று எழுதியிருந்தார், நானும் அதை மறுக்காமல் நேரே லண்டனுக்குப் பாய்ந்துவிட்டேன். இன்றைக்குத் திரும்ப வாசித்தபோது உறுத்தியது.

இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பிறந்தவுடன் கையில் தருகிற சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை, அந்தக் கிளினிக் கொப்பியைத்தான் சொல்கிறேன், எத்தனை பேர் முழுதாக வாசித்திருக்கிறோம்? எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நாங்கள் நிறையைக் காட்டுகிற கோட்டை மட்டும் பார்த்தோம். வீட்டுக்கு வருகிற மிட்வைஃப் அம்மா மகனுக்கு ஒன்றரை வயதில் ‘கையை நீட்டிக் காட்டுறாரா?’ என்று இரண்டு தடவை கேட்டார். ‘ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாத்தான் வரும்’ என்று மாமி பதில் சொல்ல, நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். லண்டனில் 11 மாதம் காத்திருந்ததைப் பற்றி வாய் கிழிய எழுதுகிற நான், வீட்டு வாசலுக்கு இலவசமாக வந்த கேள்வியை இரண்டு வருடத்துக்குமேல் தள்ளி வைத்தவன்.

பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. ராகமையில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஆயதி நிலையம் இருக்கிறது, களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தோடு சேர்ந்தது, பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பும் அந்தப் பீடத்தில் நடக்கிறது. கூட்டம், பயணம், மொழி எல்லாம் தொல்லைதான். ஆனால் விசா வரும் வரை சும்மா இருக்காதீர்கள், மூன்று வயதில் ஆறு மாதம் பெரிய காலம். இது அபூர்வமான ஒன்று என்றும் நினைக்க வேண்டாம், 2009இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில், ஒன்றரை வயதுக்கும் இரண்டுக்கும் இடையிலான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். உங்கள் ஒழுங்கையில் இன்னொரு வீடு இருக்கும், ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள்.

சரி, ஏன் திரும்பி வந்தோம். இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்திருந்தால் அங்கே நிரந்தர வதிவிடம் கேட்டிருக்கலாம், பிறகு அந்தக் கொடுப்பனவும் கிடைத்திருக்கும். ‘விசரோ உனக்கு’ என்று கேட்காத ஆள் இல்லை. மாமா இங்கே காலமானார், மாமி தனித்துப்போனா. அங்கே மனைவி, இரவில் இரண்டு மணிக்கு எழும்புகிற பிள்ளையோடு மூன்று வருடமாகச் சரியாக நித்திரை கொள்ளாமல், ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே கண்ணயர்ந்து விழுந்தாள். அந்தக் கிழமை டிக்கற் எடுத்தேன்.

வந்தது சரியா? தெரியாது. இங்கே மூன்று பள்ளிக்கூடம் கையை விரித்தன. நாலாவதில் ஒரு அதிபர் ‘ஒரு தவணை பார்ப்போம்’ என்றார், அந்தத் தவணை ஏழு வருடமாக ஓடுகிறது. கீழே காவலாளி, ஓட்டோ அண்ணை, பாண்காரன், லமினேட் பெடியன் எல்லாருக்கும் அவனைத் தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இங்கே 1996லேயே வந்தது, ஐ.நா. சமவாயத்தை 2016இல் ஏற்றுக்கொண்டோம், ஆனால் இவர்களில் ஒருவர் வேலை மாறிப் போனால் எந்தச் சட்டத்தைக் காட்டி நான் அவரைத் திருப்பிக் கேட்பது? அங்கே இருந்திருந்தால் 25 வயது வரைக்கும் கேட்பதற்கு ஒரு தாள் இருந்திருக்கும். மகனுக்கு 15. இரவில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன், மனைவி ‘படுங்கோ’ என்கிறாள்.

ஆகஸ்ட் 24

மார்ச்சில் எழுதிய அவுஸ்திரேலியப் பகுதிக்கு ஒரு சேர்க்கை. இலேசான, நடுத்தர அளவில் தேவை உள்ள எட்டு வயது வரைக்குமான பிள்ளைகளை என்.டி.ஐ.எஸ்.ஸிலிருந்து வேறொரு திட்டத்துக்கு மாற்றப் போவதாக இந்த மாதம் அறிவித்திருக்கிறார்கள். அதை நம்பிப் போகிறவர்கள் கவனம்.

தெஹிவளைக்காரருக்கு விசா வந்துவிட்டது, ஒக்டோபரில் பயணமாம். வாழ்த்து. செவிப்புலன் பரிசோதனை முடிந்ததாம், காது சரியாம். கோவை வாங்கியாகிவிட்டதாம், சிவப்பு. அவருடைய தாய் இங்கேயே நிற்கப்போகிறார் என்று எழுதியிருந்தார்.

போக முதல் உங்கள் அம்மாவின் குரலை ஃபோனில் பதிவு செய்யுங்கள். பாட்டு, தேவாரம் வேண்டாம், அதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள், அவரும் கமராவைக் கண்டால் குரலை மாற்றிக்கொள்வார். சாதாரண வசனங்கள். வா சாப்பிட. காணும். குளிப்பம். செருப்பைப் போடு. லைற்றை நிப்பாட்டு. எங்கை என்ரை குஞ்சு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக, பத்து விநாடிக்குள். அவர் குசினியில் நிற்கும்போது எடுத்தால் நல்லது, பின்னால் சட்டிச் சத்தம் கேட்கட்டும். அங்கே அந்தந்த வேலை நடக்கும்போது மட்டும் போடுங்கள். எங்களிடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

செப்டெம்பர் 7

மகன் இப்போது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உயரம் என்னைத் தாண்டிவிட்டான். கதைக்கிறான், தேவைக்கு. அட்டைகள் இன்னும் வளையத்தில் இடுப்பில் தொங்குகின்றன, பாதி தேய்ந்துவிட்டது. லண்டனில் எடுத்த 183 பஸ் படம் ஒன்றை, 100க்குப் பக்கத்தில் அவனே செருகி வைத்திருக்கிறான். மழை பெய்தால் அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைப்பான். அங்கே போகக் கேட்கிறானா, அங்கே மழை என்று சொல்கிறானா என்று விளங்கவில்லை. கேட்டால் ‘183’ என்கிறான். நேற்று அம்மம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ‘இது எங்கை போற பஸ்ஸடா?’ என்று கேட்டா. ‘பின்னர்’ என்றான். அது அந்தப் பக்கத்து ஊர், பின்னர் என்றுதான் பெயர். அம்மம்மா ‘சரி, பிறகு போவம்’ என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தா.